சூரியனுக்கே போர்வை போர்த்திய குடியிருப்பு

ஊரார் வாயைத் திறக்கவைத்தே பழகி, இன்று மட்டும் என் வாயை எப்போது மூடவைக்கலாம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பல் மருத்துவர், நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மேடைக்கு நாற்காலி போட வந்து, போட்ட நாற்காலியில் தாங்களே அமர்ந்துவிட்ட செயற்குழுப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு படி இறங்கி, அந்த ஐயம் தீராமலே முன்வரிசையில் வீற்றிருக்கும் அருமைத் தாய்மார்களே! சுற்றறிக்கையில் "தேநீர் உண்டு" என்ற வரியை மட்டும் கவனமாகப் படித்துவிட்டு வந்திருக்கும் நாற்பத்தெட்டு வீட்டு நல்லவர்களே! மூன்றாம் வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் என் வீட்டுக்காரர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் உங்கள் செயலாளரின் வணக்கம், வழக்கம்போல் சற்று நீளமாக.

நான் யார் என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு ஆண்டுகள் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி தாமதம் என்று நான் தேன் குழைத்துச் சொல்வேன். பயணிகள் பல்லைக் கடித்துக்கொண்டு என் தலைமுறையையே திட்டுவார்கள். ஆகவே திட்டு வாங்குவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இன்று திட்டு வாங்க வேண்டிய காரணம் புதிது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தீர்மானம் என்ன? மொட்டை மாடியில் நாம் போட்டிருக்கும் முப்பத்தாறு சோலார் பேனல்களையும் கழற்றிவிட்டு, பழைய டீசல் ஜெனரேட்டருக்கே திரும்பிப் போகலாமா, வேண்டாமா? முப்பத்தொரு வீட்டார் கையெழுத்துப் போட்டு, கழற்றத்தான் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறீர்கள். இன்னும் சற்று நேரத்தில் தலைவர் வாக்கெடுப்பு நடத்துவார். அதற்கு முன் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். அறிவிப்பாளருக்கு இருபது நிமிடம் என்பது, ரயில்வே கணக்கில், எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது.

அன்பர்களே! எண்ணெய் என்றால் என்ன? கடலடியில் மாண்ட கோடானுகோடிச் சிற்றுயிர்கள், மண்ணுக்குள் மடிந்து, மலைக்கடியில் மறைந்து, அழுத்தத்தில் அவிந்து, வெப்பத்தில் வெந்து, யுகம் யுகமாய் ஊறி ஊறி உருவான கருப்புச் செல்வம்! பூமித்தாய் பூட்டிப் பூட்டி வைத்த அந்தப் புதையலை எடுத்து நாம் என்ன செய்தோம்? காவியம் படைத்தோமா? கலம் செலுத்திக் கண்டம் கண்டோமா? இல்லை ஐயா, இல்லை! தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு லிஃப்டில் போனோம்!

யார் என்று பெயர் சொல்ல மாட்டேன். "படி ஏறினா முட்டி வலிக்குதும்மா" என்று சொல்வாரே, அவர்தான். தினமும் காலையில் பூங்காவை ஏழு சுற்றுச் சுற்றுகிறாரே, அப்போது அந்த முட்டி எங்கே போகிறது? சரி, சரி, முறைக்காதீர்கள். நானும் இரண்டாம் மாடிக்கு லிஃப்டில்தான் போனேன்.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்றார்கள் முன்னோர்கள். நாம் குந்திக்கூடத் தின்னவில்லை, ஓடி ஓடித் தின்றோம். விளைவு? சென்ற ஆண்டு பெட்ரோல் பங்கில் "டீசல் இல்லை" என்று அட்டை தொங்கியது. ஊருக்கே தினமும் பகல் ஒரு மணிக்குக் கரண்ட் போய், மூன்று மணிக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் நம்மைக் காத்தவர் யார்?

அதோ, கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தேநீர்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்! நம் ஜெனரேட்டர் அண்ணன்! பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, பதினோரு ஆண்டுகளாக, யாரும் கேட்காமலே அந்த ஜெனரேட்டரைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டவர். இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஐந்து மணி நேரம் வரிசையில் நிற்பார். "அண்ணே, ஒரு குடையாவது எடுத்துட்டுப் போங்களேன்" என்றால், "ரெண்டு கையிலயும் கேன் இருக்கே, குடைய பல்லுலயா பிடிக்கிறது?" என்பார். கரண்ட் போய் ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர் உறுமும். அந்த உறுமலைக் கேட்டு நாற்பத்தெட்டு வீட்டு மின்விசிறிகளும் அவருக்கு வணக்கம் சொல்லிச் சுழலும். கைதட்ட வேண்டாமா? நன்றாகத் தட்டுங்கள். பதினோரு ஆண்டுப் பாக்கி இருக்கிறது.

கேன் காலியாகக் காலியாக நமக்கு ஞானம் பிறந்தது. மாற்று வழி தேடினோம். தேடிய அழகைச் சொல்ல வேண்டாமா? என் வீட்டுக்காரர் காற்றாலை செய்தார். பழைய மேசை விசிறியைக் கம்பத்தில் கட்டி மாடியில் நட்டார். மூன்று நாள் அது அசையவே இல்லை. நான்காம் நாள், "என்னங்க இது?" என்று கேட்கப் போனவள் நான், அப்போது லேசாகச் சுற்றியது. "உன் பேச்சுக்கு மட்டுந்தான் சுத்துது, நீ இங்கயே நின்னுடு" என்றார். ஜெனரேட்டர் அண்ணனோ, பலகாரக் கடையில் பொரித்து மிச்சமான எண்ணெயை வாங்கி வந்து, வடிகட்டி, டீசலோடு கலந்து, ஒரு நாள் காலையிலேயே ஓட்டிப் பார்த்தார். ஓடியது ஐயா, உண்மையிலேயே ஓடியது! ஆனால் அந்தப் புகை வாசனையில் வீட்டுக்கு வீடு பசி எடுத்து, மதியச் சாப்பாடு பத்தரைக்கே தீர்ந்துபோனது.

சிரிக்கிறோம். சிரிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் இது வியர்வைப் பிரச்சினை. ஒரே ஒருவருக்கு மட்டும் இது மூச்சுப் பிரச்சினை.

என் எதிர்வீட்டு லேத் மாஸ்டரைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் இரும்பைச் சீவிச் சீவி, அந்தத் தூள் நுரையீரலில் படிந்துவிட்டது. இரவு பகலாக ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் நின்றால் சிலிண்டர். சிலிண்டர் தீர்ந்தால்? சென்ற ஆண்டு ஒருமுறை தீர்ந்தது. டீசலும் இல்லை. லிஃப்டும் இல்லை. எட்டுப் பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படி இறங்கி, தெருமுனை மருத்துவமனைக்கு ஓடினோம். மூச்சு வாங்க வாங்க அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "என் கல்யாணத்துக்குக்கூட... என்னை யாரும்... இப்படித் தூக்கலப்பா." இன்று காலை அவரிடம் அனுமதி கேட்டேன். "பேசு தங்கச்சி. ஆனா அழுகாச்சியா பேசாத. சிரிச்சுக்கிட்டே பேசு" என்றார். அதனால்தான் சிரித்துக்கொண்டே பேசுகிறேன்.

அந்த நாற்காலி ஓட்டத்துக்குப் பிறகுதான் பேனல் வந்தது. காலை வெயிலில் பேட்டரி நிறையும். மதியம் இரண்டு மணி நேரம் தாங்கும். சத்தம் இல்லை, புகை இல்லை, வரிசை இல்லை, கேன் இல்லை! சூரியன் "இருப்பு இல்லை" என்று என்றைக்காவது அட்டை தொங்கவிட்டானா? இரண்டு மாதம் எல்லாம் சுகம். அப்புறம்தான் சனி பிடித்தது. சனி என்றா சொன்னேன்? திங்களும் வியாழனும்!

வாரம் தவறாமல் அந்த இரண்டு நாள் மட்டும் பேட்டரி பாதிகூட நிறையாது. ஒன்றரைக்கே எல்லாம் அணையும். எலெக்ட்ரீஷியன் தம்பி செவ்வாய்க்கிழமை வந்தார், புதன்கிழமை வந்தார், வெள்ளிக்கிழமையும் வந்தார். ஒயரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், "எல்லாம் கரெக்டா இருக்கும்மா" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வந்த நாளெல்லாம் கரெக்டாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை வந்தது. கரண்ட் போனது, ஒன்றரைக்குப் பேட்டரியும் போனது. மாஸ்டர் வீட்டுச் சிலிண்டரில் அளவு காட்டும் முள் அடியில் கிடந்தது. மாஸ்டர் உதடு நீலம் பாய்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மாஸ்டர் வீட்டம்மா படிக்கட்டில் நின்று, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், எல்லார் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அந்த நொடியில் கீழே ஜெனரேட்டர் உறுமியது. அண்ணன் ஒரு கேன் டீசலை யாருக்கும் சொல்லாமல் சேமித்து வைத்திருந்தார். மாஸ்டர் பிழைத்தார்.

நன்றி சொல்ல வேண்டிய நேரம் அல்லவா? உங்கள் செயலாளர் என்ன செய்தாள் தெரியுமா? யோசித்தாள்! மூளை இருந்தால் அதுதான் கேடு. பேனல் நிற்கும் என்று இவருக்கு எப்படி முன்பே தெரியும்? எப்படிக் கேனோடு தயாராக நின்றார்? பேனல் வந்ததிலிருந்து இவருக்கு மரியாதை குறைந்துவிட்டதே, ஒருவேளை இவரே ஒயரைக் கழற்றிவிட்டு, இவரே காப்பாற்றி... அடடா, துப்பறியும் மேதைதான் நான்! அன்று மாலையே இறங்கிப் போனேன். அவர் வழக்கம்போல் ஜெனரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவியும் மருமகளும் நின்றார்கள். அவர்கள் எதிரிலேயே கேட்டேன்: "அண்ணே, நீங்கதானே மேல போய் ஒயரைக் கழட்டி விடுறீங்க?"

துணியைக் கீழே வைத்தார். "செக்ரட்டரியம்மா, பதினோரு வருஷமா இந்த வீடுகளுக்கு லைட் போட்டவன் நான். அணைக்கத் தெரியாது எனக்கு." அவ்வளவுதான். அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்தினார். மறுநாளே மனு எழுத ஆரம்பித்தார். ரோஷம் வராதா? உங்களுக்கு வராதா? எனக்கு வந்திருக்கும்.

ஆனால் கேளுங்கள், என் மடமைக்கு மகுடம் வைத்தாற்போல், அந்தத் திங்களுக்குப் பிறகு பேனல் திருந்திவிட்டது! ஐந்து வாரம் ஒரு நாள் பழுதில்லை. பார்த்தீர்களா, நான் போட்ட அதட்டலில் அண்ணன் அடங்கிவிட்டார் என்று என் வீட்டுக்காரரிடம் மார்தட்டிக்கொண்டேன். போன வியாழக்கிழமை மீண்டும் நின்றது; நல்லவேளை, மாஸ்டர் வீட்டில் சிலிண்டர் நிறைந்திருந்தது. அன்று ஜெனரேட்டர் அண்ணன் ஊரிலேயே இல்லை! மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஊரில் இல்லாதவர் ஒயரை எப்படிக் கழற்றுவார்? எலெக்ட்ரீஷியன் தம்பியை அழைத்துக்கொண்டு ஓடினேன் மொட்டை மாடிக்கு.

மாடியில் தம்பி இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னம்மா இது, பேனல் எங்க இருக்குன்னே தெரியல?"

திங்களும் வியாழனும் நமக்குத் தண்ணீர் தாராளமாக வரும் நாள். தண்ணீர் வந்தால் துணி துவைப்போம். துவைத்தால் போர்வையைக் காயப்போட வேண்டும். கொடியில் போட்டால் மாலைவரை ஆகும். ஆனால் சாய்வாக, பளபளவென்று, தொட்டால் சுடுகிற ஒரு பொருளை முப்பத்தாறு இடத்தில் போட்டு வைத்திருக்கிறோமே! அதன்மேல் விரித்தால் அரை மணி நேரத்தில் அப்பளமாய்க் காய்ந்துவிடும்! காய்ந்ததை எடுக்க மட்டும் மாலைவரை ஒருவரும் மாடி ஏற மாட்டோம்! எண்ணினேன் ஐயா, பதினான்கு போர்வை, ஒன்பது துண்டு, ஒரு சாக்கு. உலகத்தில் எல்லோரும் சூரியனிடமிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். சூரியனுக்கே போர்வை போர்த்தித் தூங்கவைத்த குடியிருப்பு நம்முடையது! "ஒரு பேனல் மேல நிழல் விழுந்தாலே அந்த வரிசையே சோர்ந்துடும்மா, நீங்க மெத்தையே போட்டிருக்கீங்க" என்றார் தம்பி.

ஏன் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள்? யாருடைய போர்வை என்று சொல்ல மாட்டேன். கரடிப் படம் போட்டது யாருடையது என்று வேண்டுமானால் தலைவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். தலைவரே, தண்ணீர் குடியுங்கள். ஆனால் முதல் போர்வை யாருடையது என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது. அது என்னுடையது. இந்த அருமையான வழியைக் கண்டுபிடித்தவளே நான்தான். என்னைப் பார்த்துத்தான் மற்ற பதின்மூன்றும் ஏறின. மாஸ்டர் உதடு நீலம் பாய்ந்த அந்தத் திங்கட்கிழமை, மேலே என் போர்வை சுகமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான், ஒரு நல்ல மனிதரைத் திருடனைக் கேட்பதுபோல் கேட்கக் கீழே இறங்கினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல என்னால் முடியவில்லை, மாஸ்டர் மன்னிக்கட்டும்.

அண்ணே! உங்கள் மனைவி, மருமகள் எதிரில் குற்றம் சாட்டினேன். நாற்பத்தெட்டு வீட்டார் எதிரில் மன்னிப்புக் கேட்கிறேன். தப்பு என்னுடையது. பேனலை வேண்டுமானால் திட்டுங்கள், அது தாங்கும். அது செய்யாத தப்புக்குக் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால், பங்கில் அட்டை தொங்கும் நாளில், மாஸ்டர் குடும்பம் இந்த வீட்டை விட்டே போக வேண்டியதுதான். வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பூமிக்கு அடியில் எண்ணெய் வற்றுகிறது. வற்றட்டும்! வானில் வெயில் இருக்கிறது. வெளியில் காற்று இருக்கிறது. வாய்க்காலில் நீர் இருக்கிறது. மாட்டுச் சாணத்தில்கூட எரிவாயு இருக்கிறது! மாற்றுக்குப் பஞ்சமில்லை, மக்களே! பக்கத்து வீட்டுக்காரரை நம்பும் மனசுக்குத்தான் பஞ்சம் வந்துவிட்டது. அந்தப் பஞ்சம் என் வீட்டில் வந்தது. கூட இருப்பவரை நம்பத் தெரியாதவளுக்கு, கோடிக் காத தூரத்திலிருந்து ஒளி வந்து என்ன பயன்? மழைக்காலத்தில் நாலு நாள் வானம் மூடினால் என்ன செய்வது என்று அண்ணன் மனுவில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் அவர்தான். ஜெனரேட்டரும் இருக்கட்டும், பேனலும் இருக்கட்டும், இரண்டுக்கும் சாவி அவர் கையில் இருக்கட்டும்!

என்ன அண்ணே, எழுந்துவிட்டீர்கள்? கிளம்புகிறீர்களா? மைக்செட் தம்பி, மைக்கை அவரிடம் கொடுங்கள். வேண்டாமா? சரி, அவர் சொல்வதைப் பின்னால் இருப்பவர்களுக்கு நானே அறிவிக்கிறேன், என் பழைய வேலைதானே.

"எனக்கு அந்த வாரமே தெரியும்" என்கிறார்! "ஒயரைக் கழட்டினேன்னு சொன்னீங்களே, அப்படி என்னதான் இருக்குன்னு வியாழக்கிழமை மேல ஏறிப் பார்த்தேன். நீலப் போர்வை முன்னால கிடந்துச்சு. அன்னையிலேர்ந்து திங்களும் வியாழனும் பத்து மணிக்கு நான்தான் எல்லாத்தையும் எடுத்து மடிச்சுக் கொடியில போட்டேன்" என்கிறார்.

ஐந்து வாரமா! அண்ணே, என் போர்வை கொடியில் மடித்துக் கிடந்ததைப் பார்த்து, என் வீட்டுக்காரர்தான் மடித்தார் என்று நினைத்துப் பாராட்டினேனே! மூன்றாம் வரிசை, தலையைக் குனியாதீர்கள்! "ஆமா, நான்தான்" என்று சொல்லி இரண்டாவது காப்பி வாங்கிக் குடித்தீர்களே!

ஏன் அண்ணே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? "நீங்க கேள்வி கேட்க வரலையே, தீர்ப்புச் சொல்லத்தானே வந்தீங்க" என்கிறார். சரிதான். அது சரிதான். அப்படியானால் ஒரு பக்கம் மனு எழுதிக்கொண்டு, இன்னொரு பக்கம் ஏன் போர்வையை எடுத்தீர்கள்?

"மானம் ஒரு பக்கம். மாஸ்டர் மூச்சு ஒரு பக்கம்."

கேட்டதா பின்னால்? கேட்கவில்லை என்றால் இன்னொரு முறை அறிவிக்கிறேன். மானம் ஒரு பக்கம், மாஸ்டர் மூச்சு ஒரு பக்கம் என்கிறார் நம் அண்ணன். இதற்கு மேல் பேசினால் நான் மனுஷியே இல்லை.

தலைவரே, வாக்கெடுப்பைத் தொடங்குங்கள். பேனல் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம். வீட்டுக்கு ஒரு கை. இருபத்தைந்து கை வேண்டும். முதல் கை யாருடையது? ஜெனரேட்டர் அண்ணனுடையது! ஐயா, முட்டிவலிக்காரர், உங்களுடையதும் உயர்கிறதே, வாழ்க! கரடிப் போர்வைக்காரர் எண்ணிக்கொண்டே தன் கையையும் தூக்கியிருக்கிறார். என்னங்க, நம் வீட்டுக் கை என்னுடையது, நீங்கள் இறக்குங்கள். இந்தப் பக்கம் எண்ணுங்கள் தலைவரே, அந்தத் தூணுக்குப் பின்னாலும் பாருங்கள். முன்வரிசையில் லேத் மாஸ்டர் வீட்டம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு ஒரு கை என்பது விதிதான். இன்று மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

கைகூப்பி நன்றி சொல்வதுதான் மேடை மரபு. ஆனால் எண்ணி முடிக்கும்வரை என் கையை நான் இறக்கமாட்டேன். அதனால் தூக்கிய கையோடே சொல்கிறேன்: வந்தவர்களுக்கும், பொறுத்தவர்களுக்கும், மன்னித்தவருக்கும் நன்றி, வணக்கம்.